ஆக்சிலுக்குக் கிரௌன் வீலை வைத்து மார்க் போடலாமா?

ஆஃப்ரோடு வண்டிக்காரர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் ஒரு எண் வந்து விழும். "என்னுது டானா 44, அடுத்தது டானா 60 போடப்போறேன்." எண் பெரிசானால் ஆக்சிலும் பலம், அதுதான் கணக்கு. முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. டானா 44-ல் கிரௌன் வீலின் விட்டம் 8.5 அங்குலம், டானா 60-ல் 9.75. பல் பெரிசு, தாங்குகிற முறுக்கும் அதிகம். ஆனா இந்த ஒரே அளவை வைத்து ஆக்சிலுக்கு மார்க் போடும் பழக்கம் இருக்கே, அதோடுதான் எனக்குத் தகராறு.

சாட்சிக்கு ஒரு ஆக்சிலைக் கூப்பிடுகிறேன். 1976 முதல் 1986 வரை அமெரிக்க ஜீப் சிஜே வண்டிகளின் பின்பக்கம் வந்த ஏஎம்சி 20. இதன் கிரௌன் வீல் 8.875 அங்குலம், அதாவது டானா 44-ஐவிடப் பெரிசு. எண் கணக்குப்படி இதுதான் ஜெயிக்கணும். நடந்தது என்னவோ, பாறையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் பலர் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு டானா 44 தேடிப் போனார்கள்.

முறுக்கு போகிற வழியைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பினியன், கிரௌன் வீல், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட், ஹப், கடைசியில் சக்கரம். சிஜே-யில் வந்த ஏஎம்சி 20-ல் ஷாஃப்டும் ஹப்பும் ஒரே துண்டு இல்லை. கூம்பாகக் கடைந்த ஷாஃப்ட் முனையில் தனி ஹப்பை ஏற்றி, சின்னதா ஒரு கீயும் வைத்து, நட்டைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். லோ கியரில், பெரிய டயர் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்போது வருகிற மொத்த முறுக்கும் அந்த இறுக்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அது விட்டுப்போனால் ஷாஃப்ட் உள்ளே சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். போதாக்குறைக்கு, நடு வார்ப்பில் செருகிய இரண்டு பக்கக் குழாய்களும் மெலிசு; அழுத்தம் தந்தால் வளையும், இடத்திலேயே திரும்பும். அதனால்தான் இந்த ஆக்சிலை வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் முதலில் செய்தது ஒரே துண்டு ஷாஃப்ட் போடுவதும், குழாயை வார்ப்போடு சேர்த்து வெல்டிங் வைப்பதும். எல்லாரும் அளக்கிற கிரௌன் வீல் பாட்டுக்கு உள்ளே சௌக்கியமாக இருந்தது.

(வார்ப்பிரும்பையும் ஸ்டீலையும் சேர்த்து வெல்டிங் வைப்பது சும்மா இல்லை. முதலில் வார்ப்பைச் சூடேற்றணும், நிக்கல் ராடு வேணும், பிறகு மெதுவா ஆறவிடணும். அவசரப்பட்டால் வெல்டுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும்.)

டானா 60-க்கே வருவோம். அதன் 35 ஸ்ப்லைன் ஷாஃப்டின் விட்டம் 1.5 அங்குலம். டானா 44-ன் 30 ஸ்ப்லைன் ஷாஃப்ட் 1.31. பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுகிறது. 1.5-ஐ 1.31-ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வரும். ஒரே மாதிரி ஸ்டீல் என்றால் அந்த 0.19 அங்குலத்துக்கே 50 சதவீதப் பலம். சிக்கல் என்னவென்றால், டானா 60 என்ற அதே பெயரில் 30 ஸ்ப்லைன் ஷாஃப்டும் வந்திருக்கிறது. செமி ஃப்ளோட்டிங்காகவும் வந்திருக்கிறது, ஃபுல் ஃப்ளோட்டிங்காகவும் வந்திருக்கிறது. பெயரைக் கேட்டு வாங்குகிறவருக்கு எது கிடைக்கும்?

என் கணக்கில் ஸ்ப்லைனைவிட முக்கியம் இந்த ஃப்ளோட்டிங் விவகாரம்தான். செமி ஃப்ளோட்டிங்கில் சக்கரம் நேரே ஷாஃப்டின் முனையில் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்டுக்கு இரட்டை வேலை: முறுக்கையும் கடத்தணும், வண்டியின் எடையையும் தாங்கணும். எடை எப்போதும் கீழிருந்து வளைக்கிறது, ஷாஃப்டோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல்தோல் ஒரு முறை இழுபடும், ஒரு முறை நசுங்கும். 30 அங்குல டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 420 தரம் சுற்றும். 10,000 கிலோமீட்டரில் 42 லட்சம் தரம். விரிசல் ஆரம்பிக்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. பேரிங்குக்கு வெளியே உடைந்தால், உடைந்த துண்டோடு சக்கரமும் போயிடும்.

ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹவுசிங்கின் முனையில் கெட்டியான ஸ்பிண்டில் இருக்கும். அதன்மேல் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அவற்றின்மேல் ஹப். எடை முழுக்க ஹவுசிங்குக்குப் போய்விடும், ஷாஃப்டுக்கு முறுக்கு மட்டும். அது உடைந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். ஜாக்கி வைக்காமலே போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவிவிட்டு, முன் ஆக்சிலின் இழுவையில் வீடு வந்து சேரலாம்.

1941-ல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்பி, கால் டன் சுமைக்கான குட்டி ஜீப். அதன் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங். போர் முடிந்து பொதுமக்களுக்காக வந்த சிஜே-2ஏ-வில் ஆரம்ப வண்டிகளுக்கு மட்டும் அது இருந்தது, பிறகு செமி ஃப்ளோட்டிங்காக மாற்றிவிட்டார்கள். மஹிந்திரா நம்மூரில் பல வருஷம் செய்த ஜீப்பும் இதே சிஜே வம்சம்தான். விலை குறையணும், புரிகிறது. ஆனால் வண்டியின் குணத்தையே மாற்றிய அந்த முடிவு கிரௌன் வீல் அளவில் தெரியாது.

யூனிமாக் இன்னும் சங்கடமான உதாரணம். அதன் போர்ட்டல் ஆக்சிலில் கடைசிக் கட்டக் குறைப்பு கியர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முறுக்கு அங்கேதான் பெருகுவதால் டிஃபரன்ஷியலும் ஷாஃப்டும் சின்னதாக இருந்தாலே போதும். ஆக்சிலின் நடுப்பகுதியும் சக்கர மையத்துக்கு மேலே தூக்கி நிற்கும், கல் இடிக்காது. செலவும் எண்ணெய் சீலும் அதிகம், வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போகும், அதெல்லாம் உண்மை. ஆனாலும் இதை டானா எண்களோடு எப்படி ஒப்பிடுவீர்கள்?

இன்னொரு பழக்கம், உடைந்த பாகத்தை மட்டும் பலப்படுத்துவது. சாஃப்ட்வேரில் ஒரு அடைப்பை எடுத்தால் அடுத்த அடைப்பு தெரியும், இங்கேயும் அதே கதை. என் மச்சான் பழைய ஜீப்புக்கு 35 அங்குல டயர் போடுகிறார். பிள்ளைகளோடு மலைப்பாதையில் போகிற வண்டி. "குரோமோலி ஷாஃப்ட் போட்டா போதும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முன் ஆக்சிலில் உடைகிற யூ-ஜாயின்ட் கிராஸ் மலிவு, கையோடு ஒன்று வைத்திருந்தால் பாதையிலேயே மாற்றலாம். அதையும் ஷாஃப்டையும் மட்டும் பலமாக்கினால் அடுத்து கிரௌன் பினியன் பல் போகும். அதை செட் பண்ண ஷிம்மும் டயல் கேஜும் வேணும், ரோட்டோரத்தில் நடக்கிற காரியமா?

பழைய ஆக்சில் வாங்கப் போகிறவர்கள் எண்ணைக் கேட்பதற்கு முன் பின் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். வீல் நட்டுகளுக்கு உள்ளே ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் தனியா ஒரு வட்டம் போல்ட் இருந்தால் பெரும்பாலும் ஃபுல் ஃப்ளோட்டிங். தட்டையா வீல் நட்டு மட்டும் இருந்தால் செமி. அதற்கப்புறம் ஸ்ப்லைனை எண்ணுங்கள், குழாயின் கனம் கேளுங்கள். கிரௌன் வீலைக் கடைசியில் அளந்துக்கலாம்.