பேக்ஸ்பின் எங்கே போய் விழுகிறது?

சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிற ஆளை ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்போம். ரெக்கார்டையே பார்க்காத தலைமுறையும் இதைச் சொல்கிறது. மைக் செட் காலத்து வசவு. அப்போது ரெக்கார்டு என்பது விலையுள்ள பொருள். ஓடுகிற தட்டில் கை வைத்தால் மைக் செட் அண்ணன் கையை உடைத்துவிடுவார். அதே 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் சில பையன்கள் வேண்டுமென்றே கை வைத்தார்கள். ஸ்க்ராட்ச்சைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் கிராண்ட் விஸார்ட் தியடோர், அம்மா அறைவாசலில் வந்து சத்தம் போட்டபோது தட்டைக் கையால் பிடித்ததில்தான் அது பிறந்தது என்று சொல்லிவருகிறார். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகவே இருக்கட்டும். பாட்டுக் கேட்கிற கருவி வாசிக்கிற கருவியாக மாறியது அப்படி ஒரு நொடியில்தான்.

பேக்ஸ்பின், தட்டைப் பின்னால் சுழற்றிக் கேட்ட இடத்துக்கே திரும்புவது. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்வார். ஒன்றில் டிரம்ஸ் மட்டும் வருகிற சில நொடிகள் ஓடும்போதே மற்றதைப் பின்னால் சுழற்றித் தயாராக வைத்திருப்பார். எவ்வளவு சுழற்றணும் என்பதற்குத் தட்டின் மேல் கிரேயான் கோடு. கடிகார முள் மாதிரி படிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 100 அடி ஓடுகிற பாட்டில் ஒரு சுற்றுக்குள் சரியாக 3 அடி. நாலு அடி பின்னால் போக ஒரு முழுச் சுற்றும், அதன்மேல் மூன்றில் ஒரு பங்கும். உத்தேசத்துக்கு இடமே இல்லை. 1981இல் வந்த அவருடைய ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ மூன்று டர்ன்டேபிளில் வாசித்தது. அத்தனை வெட்டு, அத்தனை கீறல்; ஆனாலும் கேட்கிறவனுக்குக் கால் தடுக்காது. கீறலும் அடிக்குள்ளேயேதான் விழுகிறது.

இந்தக் கணக்கோடு நெய்வேலிக்கு வருவோம். டவுன்ஷிப் கல்யாண வரவேற்பில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, லேப்டாப், கன்ட்ரோலர். தட்டு கிடையாது, ஜாக் வீல்தான். நான் கேட்டவரைக்கும் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரே வழிதான் இருக்கிறது: ‘வ்வ்ரூப்!’ அதுவும் பல நேரம் கை சுழற்றியது இல்லை. சாம்ப்ளர் பட்டனில் ஏற்றிவைத்த ரெடிமேட் சத்தம். ஓடுவது மெலடியோ குத்தோ, வேகம் எண்பதோ நூற்றிமுப்பதோ, அதே ‘வ்வ்ரூப்’. எல்லா வரிக்கும் ஆச்சரியக்குறி போட்ட வாட்ஸ்அப் ஃபார்வர்டு மாதிரி.

சோம்பேறித்தனம்னு சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் டிஜே பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ஹவுஸ் மியூசிக்கில் ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையோடு பின்னுவதற்கென்றே இரண்டு முனையிலும் நீளமாக வெறும் அடி விட்டுவைப்பார்கள். நம்ம சினிமாப் பாட்டு பல்லவி, இடையிசை, சரணம் என்று தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தாளம். ‘ஊர்வசி ஊர்வசி’ சதுஸ்ரம். அடுத்து ஆட்டம் கேட்கும் குத்துப் பாட்டு பெரும்பாலும் திஸ்ரம். நாலாகப் பிரியும் அடி மேல் மூன்றாகப் பிரியும் அடியை ஏற்றினால் மிக்ஸி ஜாரில் கரண்டி விழுந்த மாதிரிதான் கேட்கும். அங்கே பேக்ஸ்பின் நேர்மையான தீர்வு. ஒன்றிரண்டு நொடி பழைய தாளத்தைக் காதிலிருந்து துடைத்துவிடுகிறது.

துடைத்த பிறகு எங்கே போய் விழுகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை. அடியின் நடுவில் ஆரம்பித்த பேக்ஸ்பின், அடுத்த பாட்டின் ஏதோ ஒரு மூலையில் இறக்கிவிட்டால், ஆடுகிறவர்களின் கையைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் மேலேதான் இருக்கும், விசிலும் வரும். காலைப் பாருங்கள். இரண்டு மூன்று நொடி தரையில் எதையோ தேடும்.

வேறு வழி இருக்கு, அதற்கு ஸ்க்ராட்ச் வேண்டும். சதுஸ்ரப் பாட்டின் கடைசி நாலு அடியில், ஒவ்வொரு அடிக்கும் மூன்று கீறல் என்று கையை ஓட்டினால் போதும். பெரிய வித்தையெல்லாம் வேண்டாம், முன்னும் பின்னும் தள்ளுகிற பேபி ஸ்க்ராட்ச்சே செய்யும். பாட்டு மாறும் முன்பே காதுக்குள் திஸ்ரம் வந்துவிடுகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் நடை மாறும்போது நடப்பதும் இதேதான். மிருதங்கம் வரைக்கும் போக வேண்டாம். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காவடி போகும்போது பம்பைக்காரரைக் கவனியுங்கள். அடியை மாற்றும் முன் குச்சியாலேயே ஒரு குறிப்புக் கொடுப்பார். காவடிக்காரரின் கால் அதை முதலில் வாங்கிக்கொள்ளும். கை தவறிடும்னு டிஜே பயப்படவும் தேவையில்லை. ஸ்லிப் மோடு போட்டால் நீங்கள் கீறிக்கொண்டிருக்கும்போதே பாட்டு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். கையை எடுத்ததும் சரியான இடத்தில் நிற்கும்.

இன்னொன்று. பேக்ஸ்பின்னுக்கு ஆதியில் ‘திரும்பிப் போவது’ என்று அர்த்தம். நம்ம செட்களில் அது ‘தப்பித்துப் போவது’ ஆகிவிட்டது. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தில் ‘நிழல்கள்’ படத்தின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்தபோது, அந்தப் பழைய மெட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவதில்தான் சுகமே இருந்தது. அந்த ஆசை கல்யாண மேஜைக்கு இன்னும் வரவில்லை. நாற்பது நொடியில் பல்லவியை உறிஞ்சிவிட்டு அடுத்த பாட்டு. இளையராஜாவின் இடையிசை அவர்களுக்குத் தாண்டவேண்டிய பள்ளம். ஆனால் ஃப்ளாஷ் தேடித் தேடிக் கோடு போட்ட அந்த வெறும் தாள இடம் நம்ம பாட்டுகளிலும் இருக்கு: இடையிசை முடிந்து, பாடகர் வாய் திறக்கும் முன் தபலாவோ டோலக்கோ தனியாக உருளும் அந்த நாலு அடி. அதை ஒருமுறை பின்னால் சுழற்றிப் போடுங்கள். ஆட்கள் திரும்பிப் பார்த்தால் இன்னொரு முறை. சரணம் அப்புறம் வரட்டும்.