1911-ஐச் செதுக்கியவர்கள்: பாணிகளும் அளவுகோல்களும்

தையல் மிஷினுக்குப் பேர்போன சிங்கர் கம்பெனி பிஸ்டலும் செய்திருக்கிறது என்றால் நம்மூர் டெய்லர்கள் நம்ப மாட்டார்கள். இரண்டாம் உலகப்போரை ஒட்டி, அமெரிக்க ராணுவம் கொடுத்த சோதனை ஆர்டரின் பேரில் 500 செய்து கொடுத்தது. அதற்கு மேல் செய்யவில்லை. அந்த 500-இல் எஞ்சியிருப்பவை இன்று சேகரிப்பாளர்கள் மத்தியில் சொத்து விலைக்குப் போகின்றன. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், வேட்டைத் துப்பாக்கி செய்த இத்தாக்கா ஆகிய கம்பெனிகளும் போர்க்காலத்தில் அதே பிஸ்டலைத்தான் செய்தன. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, கோல்ட் கம்பெனி தயாரித்து, 1911 மார்ச் 29 அன்று ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 அது. ஏற்றுக்கொண்ட ஆண்டே அதன் பெயராகிவிட்டது.

இத்தனை தொழிற்சாலைகள் செய்ததில்தான் நம் கதைக்கான முடிச்சு இருக்கிறது. ஒரு கம்பெனியின் ஸ்லைடு (முன்பின் ஓடும் மேல்பாகம்) இன்னொரு கம்பெனியின் ஃப்ரேமில் (பிடியோடு சேர்ந்த உடல்) தடையில்லாமல் ஏற வேண்டும். சேறும் மணலும் புகுந்தாலும் ஓட வேண்டும். ஆகவே பாகங்களுக்கு இடையே கொஞ்சம் ஆட்டம் விட்டே வரைபடம் போட்டார்கள். ராணுவத்தில் புழங்கிய 1911-ஐக் கையில் எடுத்துக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும். சிப்பாய்க்கு அது குறையே இல்லை. இலக்கு அட்டையில் நடுப்புள்ளியைத் தேடுகிறவருக்கு அந்த ஆட்டம் ஆகாது. அதை எடுக்க வேண்டும், ஆனால் ஓட்டம் கெடக்கூடாது. அமெரிக்காவில் 'பிஸ்டல்ஸ்மித்' என்று தனியாக ஒரு தொழில் வளர்ந்ததற்குக் காரணம் இந்த ஒரே சிக்கல்தான். எங்கே ஆட்டத்தை எடுப்பது, எங்கே விட்டுவைப்பது என்பதில் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் கருத்து மாறியது. அந்த மாறுபாடுகளைத்தான் பாணிகள் என்கிறோம்.

மூத்த பாணி ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் உருவானது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கும் இடம் அது. பிஸ்டல் போட்டி என்றால் ஒற்றைக் கையை நீட்டி, 25 கெஜத்திலும் 50 கெஜத்திலும் சுட வேண்டும். 50 கெஜ அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 3.36 அங்குலம், அதற்குள்ளே சமநிலையை முறிக்க உதவும் எக்ஸ் வட்டம் 1.695 அங்குலம்தான். கிடங்கிலிருந்து எடுத்த பிஸ்டலை அசையாத தாங்கியில் பூட்டிச் சுட்டால்கூடத் தோட்டாக்கள் பத்து வட்டத்தைத் தாண்டிச் சிதறிவிடும். சுடுகிறவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் பிஸ்டலே ஒத்துழைக்காது.

இதைத் தீர்க்க முனைந்தவர்களில் ராணுவத்தின் ஆயுதப் பணியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-இல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் ராணுவக் குறிசுடும் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கிருந்த பட்டறையிலும், மரைன் படையின் குவான்டிகோ பட்டறையிலும் வேலை முறைகள் திருத்தம் பெற்றன. பழைய முறை இது: ஃப்ரேமின் இரு பக்க ரெயில்களையும் அளவு பார்த்துப் பார்த்துச் சுத்தியலால் தட்டி லேசாக இறக்குவார்கள். ஸ்லைடை வைஸில் பிடித்து இம்மியளவு நெருக்குவார்கள். பிறகு உரசுபசையைத் தடவி ஸ்லைடை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டித் தேய்ப்பார்கள். முதலில் ரப்பர் சுத்தியலால் தட்டினால்தான் நகரும். அரை அங்குலம் போகும், நிற்கும். கழற்றித் துடைத்து, எங்கே பளபளக்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் அரத்தால் ராவி, மறுபடி ஓட்டுவார்கள். கடைசியில் கையால் தள்ளினால் எண்ணெயில் வழுக்குவதுபோலப் போக வேண்டும். ஆனால் பக்கவாட்டில் அசைத்தால் அசையக்கூடாது.

இங்கே ஒரு பழைய வாக்குவாதம் உண்டு. குறிபார்க்கும் முன்சைட், பின்சைட் இரண்டும் ஸ்லைடின் மேல் இருக்கின்றன. பேரலும் ஸ்லைடுக்குள்தான் பூட்டிக்கொள்கிறது. அப்படியானால் குறி துல்லியமாக விழ, ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பேரல் ஸ்லைடுக்குள் அதே இடத்தில் வந்து உட்கார்வதுதான் முக்கியம். ஸ்லைடுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் உள்ள ஆட்டம் அடுத்தபடிதான். எனக்கு இந்தக் கட்சிதான் சரியென்று படுகிறது. ஆனால் வாடிக்கையாளர்கள் பலரும் பிஸ்டலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துச் சத்தம் இல்லையென்றால் மகிழ்ந்துபோகிறார்கள். பேரலின் முன்முனையில் உள்ள புஷிங் எப்படிப் பொருந்துகிறது, பேரலின் மேலுள்ள பூட்டுப் பற்கள் சமமாகக் கவ்வுகின்றனவா என்று கேட்கிறவர்கள் குறைவு. கலிபோர்னியாவில் இர்விங் ஸ்டோன் தொடங்கிய பார்-ஸ்டோ போன்ற பேரல் பட்டறைகள் பெயரெடுத்தது, வேண்டுமென்றே அளவு கூடுதலாகச் செய்து, கடைசிப் பொருத்தத்தைக் கன்ஸ்மித்தின் (துப்பாக்கிக் கைவினைஞரின்) அரத்துக்கு விட்டுவைத்ததால்தான்.

இந்தப் பாணியில் ராணுவத்துக்கு வெளியே நின்ற பெரிய பெயர் லூசியானாவின் ஜிம் கிளார்க். 1958-இல் தேசியச் சாம்பியன் ஆனவர். கோல்ட் .38 சூப்பர் பிஸ்டலை, தட்டைத் தலைத் தோட்டா போட்டுச் சுடும் .38 ஸ்பெஷலாக மாற்றிக் கொடுத்து ஒரு தலைமுறைப் போட்டியாளர்களைத் தன் பட்டறை வாசலுக்கு வரவழைத்தார். சான் பிரான்சிஸ்கோவின் பாப் சோ 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுட்டவர், அவரும் பட்டறைக்காரர்தான். இந்த இருவரையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், தாங்கள் செய்ததைத் தாங்களே களத்தில் எடுத்துச் சென்று நின்றவர்கள் என்பது.

போட்டிப் பிஸ்டலுக்குள்ளேயே இரண்டு கிளை இருந்தது வெளியாட்களுக்குத் தெரியாது. மெதுவான தட்டைத் தலைத் தோட்டாவுக்கென்று மெல்லிய ஸ்பிரிங் போட்டுச் செய்தது ஒன்று. ராணுவத்தின் முழு வேகத் தோட்டாவுக்கென்று செய்த 'ஹார்ட்பால்' துப்பாக்கி இன்னொன்று. தோட்டாவைச் சொல்லாமல் பிஸ்டல் கேட்டால் எந்த நல்ல கன்ஸ்மித்தும் வேலையைத் தொடங்க மாட்டார். விசைக்கும் (ட்ரிகருக்கும்) விதி உண்டு: சாதாரண .45 போட்டியில் மூன்றரை பவுண்டுக்குக் குறையாத எடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். போட்டி அதிகாரி எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார். அந்த மூன்றரை பவுண்டும் இழுபடாமல், கண்ணாடிக்குச்சி ஒடிவதுபோல ஒரே கணத்தில் விட வேண்டும் என்பது கைவினைஞருக்கான பரீட்சை.

கலிபோர்னியாவில் காற்று வேறு திசையில் அடித்தது. 1950களின் பிற்பகுதியில் ஜெஃப் கூப்பரும் அவருடைய நண்பர்களும் பிக் பேர் மலையில் நடத்திய போட்டிகளில் இரண்டு கையாலும் பிடித்து, வேகமாக, முழு வேகத் தோட்டாவைச் சுட்டார்கள். அங்கே அரை அங்குலத் துல்லியத்தைவிட, உறையிலிருந்து உருவியதும் சைட் கண்ணில் படுவதும், அழுத்தினால் தவறாமல் வெடிப்பதும் பெரிது. நன்றாகத் தெரியும் சைட், கைக்கு அடங்கும் விசை, தோலைக் கிழிக்காத விளிம்பு. மற்றதெல்லாம் அலங்காரம் என்பது கூப்பரின் கட்சி. விளிம்பைப் பற்றி அவர் சொன்னது சும்மா இல்லை. பழைய 1911-இன் ஹேமர் பின்னோக்கி வரும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கடிக்கும். நாள் முழுக்கச் சுட்டவர்களின் கையில் பிளாஸ்திரி இருக்கும். பின்னாளில் மிசௌரியின் எட் பிரவுன் போன்றவர்கள் செய்த நீண்ட 'பீவர்டெயில்' பிடிக்காப்பு அந்தக் கடியைத் தீர்த்தது.

இந்த மேற்கத்திய பாணியின் தலைமகன் கார்டினாவில் பட்டறை வைத்திருந்த ஆர்மண்ட் ஸ்வென்சன். இடக்கை, வலக்கை இரண்டுக்கும் எட்டும் சேஃப்டியைப் பரவலாக்கியவர் அவர்தான். மறுகை விரல் பதிய வசதியாக ட்ரிகர் கார்டின் முன்பக்கத்தைச் சதுரமாக்கியதும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சைட்டை ஸ்லைடுக்குள் அமுக்கிப் பொருத்தியதும் அவருடைய முத்திரைகள். சதுர கார்டை இன்று யாரும் கேட்பதில்லை. விரலை அங்கே வைக்கும் பழக்கமே போய்விட்டது. இருகை சேஃப்டியோ பல தொழிற்சாலைப் பிஸ்டல்களிலேயே வருகிறது. என்னைக் கேட்டால், எத்தனை புதுச் சரக்கு வந்தாலும் ஸ்வென்சன் காலத்து பிஸ்டலில் உள்ள அடக்கம் வேறு.

1976-இல் மிசௌரியின் கொலம்பியாவில் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசச் சம்மேளனம் உருவானதும் போட்டி சூடுபிடித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பிஸ்டலின் தோற்றமே மாறியது. பேரல் முனையில் வாயுவை மேலே திருப்பி உதைப்பைக் குறைக்கும் காம்பன்சேட்டர், .38 சூப்பர் தோட்டா, பிறகு சிவப்புப் புள்ளி சைட், இரட்டை வரிசை மேகசின் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. 'ரேஸ் கன்' என்று பெயரும் வந்தது. குழாய் ரிப்பேர் கடையில் மிச்சமான சாமானையெல்லாம் மாட்டியதுபோல இருக்கும். ஆனால் ஓடியது, பந்தயமும் ஜெயித்தது. ஆர்கன்சாவின் பெரிவில்லில் குடும்ப நகைக்கடையில் கைக்கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்த பில் வில்சன் 1977-இல் தொடங்கிய பட்டறை இந்த அலையில்தான் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. கடிகாரக்காரர் கன்ஸ்மித் ஆனதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு இடத்திலும் எதிரி பிசிறுதான்.

இன்னொரு கிளையையும் விட்டுவிடக்கூடாது. 1980களின் நடுவில் மரைன் படையின் சிறப்புப் பிரிவுகளுக்கு .45 தேவைப்பட்டபோது, குவான்டிகோ பட்டறையினர் கிடங்கில் கிடந்த பழைய 1911ஏ1 (திருத்திய 1911) ஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து, புதுப் பேரலும் சைட்டும் சேஃப்டியும் பொருத்திக் கையால் கட்டிக் கொடுத்தார்கள். ராணுவமே பெரட்டா பிஸ்டலுக்கு மாறிய காலத்தில் நடந்தது இது.

வேலைத்தரத்தைக் கண்ணால் பார்க்க ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் பிடியின் முன்பக்கத்தைக் காட்டுவேன். விரல் வழுக்காமலிருக்க அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு வெட்டுவார்கள். அங்குலத்துக்கு 20, 25 அல்லது 30 கோடு. இயந்திரத்தில் வெட்டுகிறவர்கள் உண்டு. கையில் செய்கிறவர் பல வரிசைப் பற்கள் கொண்ட தனி அரத்தை வைத்து, வளைந்த பரப்பைச் சுற்றிச் சுற்றி ராவுவார். இறுதியில் ஒவ்வொரு சதுரமும் கூர்முனையாக நிற்க வேண்டும். எல்லா முனையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு கோடு சற்றே சறுக்கினால் அதன்பின் வரும் அத்தனையும் சறுக்கும். மேலும் ராவ அந்த இடத்தில் இரும்பு அவ்வளவு தடிமனும் இல்லை. ட்ரிகர் கார்டின் அடியில், பிடி வளையும் மூலையில் கோடுகள் எப்படி முடிகின்றன என்று பாருங்கள். சோம்பேறி வேலை அங்கேதான் வெளிப்படும்.

தன் 1911-ஐச் செதுக்க ஆள் தேடுகிறவருக்கு இத்தனை சரித்திரம் எதற்கு என்றால், 'நல்ல கன்ஸ்மித் யார்?' என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது என்பதால்தான். கேம்ப் பெர்ரி பாணிக்காரரிடம் இடுப்பில் வைத்துக்கொள்ளும் பிஸ்டல் கேட்டால் அழகாக இறுக்கித் தருவார். தூசியிலும் மழையிலும் அந்த இறுக்கமே வினையாகலாம். ரேஸ் கன் பட்டறைக்காரரிடம் விசையைக் கேட்டால் நினைத்ததும் விடுகிற அளவுக்கு இலேசாக்கித் தருவார். பந்தய மேடைக்கு அது சரி, இடுப்புக்கு ஆபத்து. கேட்டதையெல்லாம் செய்து தருகிறேன் என்பவரை விட, 'இதை நான் செய்ய மாட்டேன்' என்று சொல்பவர் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கன்ஸ்மித்திடம் சோதனை அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும். தூரம் எத்தனை, தோட்டா எது, கையில் சுட்டதா, ரான்சம் என்ற அசையாத தாங்கியில் பூட்டிச் சுட்டதா, எத்தனை தோட்டா என்று கேட்க வேண்டும். மூன்று தோட்டா ஒட்டி விழுந்த அட்டையை யாரும் காட்டலாம். பத்து விழட்டும், பார்ப்போம். லெஸ் பேர் கம்பெனி 50 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் என்ற உத்தரவாதத்தைக் கூடுதல் கட்டணத்துக்குத் தருவது இந்தத் தொழிலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் அளவுகோல். நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் கன்ஸ்மித் கட்டி, பல வருஷம் சுட்டுத் தேய்ந்த பிஸ்டல் ஒன்று யாரிடமாவது இருந்தால் அதைப் பார்ப்பது, புதிதாக மெருகிட்டு வைத்திருப்பதைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். தொழில் படித்த இடமும் ஓரளவு சொல்லும்: கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் போருக்குப் பின் தொடங்கிய கன்ஸ்மித் வகுப்பிலிருந்து பல தலைமுறையினர் வந்திருக்கிறார்கள். பிஸ்டல்ஸ்மித்களுக்கென்று ஒரு கில்டும் உண்டு. ஆனால் சான்றிதழ் அரம் பிடிக்காது.

சட்டம் எளிது, கறார். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இத்தொழில் செய்கிறவருக்கு அந்நாட்டு மத்திய அரசின் உரிமம் வேண்டும்; வேலைக்கு வந்து தங்கும் துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உரிமம் இல்லாமல் கார் ஷெட்டில் வைத்துச் செய்கிறேன் என்பவரிடம் பேச்சே வேண்டாம்.

காத்திருப்புதான் பலரைச் சோர வைக்கிறது. தனி ஆளாக வேலை செய்யும் பெயர் பெற்றவர்கள் வருஷக்கணக்கில் ஆர்டர் வைத்திருப்பார்கள். சிலர் புது ஆர்டர் புத்தகத்தையே மூடிவிடுவதுண்டு. இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் இன்றைய கம்பெனிப் பாணி: கணினி இயந்திரத்தில் ஃப்ரேமையும் ஸ்லைடையும் நெருக்கமான அளவில் வெட்டி, கடைசிப் பொருத்தத்தை மட்டும் மனிதக் கைக்கு விடுவது. அதே பெரிவில்லில் 2004-இல் தொடங்கிய நைட்ஹாக் கம்பெனியில் ஒரு பிஸ்டலை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள்தான் பொருத்துகிறார். முடித்ததும் பிடிப்பலகைக்கு அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கிறார். பழசு வாங்குகிறவர்கள் விலை பேசுமுன் திருகைக் கழற்றிப் பலகையைத் தூக்கி அந்த எழுத்துகளைப் பார்க்கிறார்கள். சிலர் புது ஆர்டர் கொடுக்கும்போதே இன்னார் கையால்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள்.