கேட்டலும் மறத்தலும்: பெரியபுராணத்தின் ஒலிநோக்கும் இன்றைய ஒலியளவையும்

ஆய்வுச் சுருக்கம்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் ஆனாய நாயனார், திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார், கழறிற்றறிவார் நாயனார் ஆகியோரின் வரலாறுகள் ஒலியை மையமாகக் கொண்டவை. இவற்றில் ஒலியின் சிறப்பு அதன் உரப்பைக் கொண்டு மதிப்பிடப்படவில்லை. அதனைக் கேட்டவர் எதை மறந்தார் என்பதே மதிப்பீட்டுக்கு அளவுகோலாகிறது. இதனை இக்கட்டுரை மூன்று வரலாறுகளின் வழி விளக்குகிறது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இன்று சென்னையின் மேற்குப் புறநகரோடு இணைந்துள்ளது. அப்பகுதியின் ஒலி டெசிபல் கணக்கில் மட்டும் அறியப்படும் நிலையில், அக்கணக்கின் எல்லையை உணர்வதற்குப் பெரியபுராணம் எவ்வாறு துணைசெய்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெரியபுராணம், சேக்கிழார், ஆனாய நாயனார், ஒலியுணர்வு, ஒலிமறைப்பு, ஒலிச்சூழல், டெசிபல்

முன்னுரை

சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே அமைந்துள்ளது. இதனைத் தொண்டை நாட்டுப் புலியூர்க் கோட்டத்து ஊராக மரபு குறிக்கிறது. இரண்டாம் குலோத்துங்கனின் (1133–1150) அமைச்சராக விளங்கிய சேக்கிழார், சோழநாட்டுத் திருநாகேசுவரத்தின்மீது கொண்ட பற்றினால் தம் ஊரிலும் அப்பெயரில் ஒரு கோயில் எடுத்தார். அக்கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஆனால் அதனைச் சூழ்ந்த நிலப்பகுதி பெரிதும் மாறிவிட்டது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் உருவாயின. பெங்களூரு நெடுஞ்சாலை பூவிருந்தவல்லி வழியாகச் செல்கிறது. ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்த பகுதியில் எந்திர ஒலியும் ஊர்தி ஒலியும் அன்றாடக் கேள்வியாகிவிட்டன.

இவ்வொலியை அரசு அறிந்துகொள்ளும் வழி எண்ணாகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என்றும், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும் வரம்பு வகுத்துள்ளன. மருத்துவமனை, பள்ளி முதலியவற்றைச் சூழ்ந்த அமைதிப் பகுதிக்கு இவ்வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல் ஆகும். தொழிற்கூடமும் குடியிருப்பும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கும் புறநகரில் இந்த எண்கள் இன்றியமையாதவை. எனினும், அவை ஒலியைப் பற்றி முழுமையாகக் கூறிவிடுகின்றனவா என்னும் வினா எழுகிறது. அதற்கு விடை காணும் வழிகளுள் ஒன்று, இதே நிலப்பகுதியில் பிறந்த புலவர் ஒலியை எவ்வாறு மதிப்பிட்டார் எனக் காண்பதாகும்.

டெசிபல் அளவையின் இயல்பு

டெசிபல் மடக்கை அளவையாகும். 10 டெசிபல் உயர்வு ஒலியாற்றலில் பத்து மடங்கு உயர்வைக் குறிக்கும். ஆனால் செவி அதனை ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகவே உணர்கிறது. மேலும், ஒரே ஆற்றலுடைய இரு ஒலிகள் அதிர்வெண்ணால் வேறுபட்டால் அவை ஒரே உரப்புடையனவாகக் கேட்பதில்லை. 1933இல் பிளெட்சர், மன்சன் ஆகியோர் வெளியிட்ட சமவுரப்பு வரைகோடுகள் இதனைக் காட்டின. தாழ்ந்த அதிர்வெண்களை, குறிப்பாக ஒலி மென்மையாக உள்ளபோது, செவி குறைவாகவே உணர்கிறது என்பது அவற்றால் தெளிவாயிற்று.

இன்றைய விதிகள் கையாளும் ‘ஏ’ எடைத்திருத்தம் இந்த அறிவிலிருந்து பிறந்தது. மென்மையான ஒலிக்குரிய வரைகோட்டை ஒட்டியமைந்த அத்திருத்தம் எல்லா நிலை ஒலிகளுக்கும் பயன்படுத்தப்படுகிறது. அதனால் கனரக ஊர்திகளின் தாழ்சுருதி உறுமல் கணக்கில் குறைவாகப் பதிவாகிறது என்பது ஒலியியலார் நெடுநாளாகக் கூறிவரும் குறையாகும். ஆக, அளவுகோலுக்குள்ளேயே ஒரு கேட்போர் இருக்கிறார். ஆனால் அவர் ஆய்வகத்தில் தனித்த ஒலிகளைக் கேட்டு ஒப்பிட்டவர். அவருக்கு ஊர், தொழில், எதிர்பார்ப்பு எவையும் இல்லை.

குழல்: பொருளும் அளவும்

ஆனாய நாயனார் மழநாட்டுத் திருமங்கலத்து ஆயர். கார்காலத்தில் பூத்து நின்ற கொன்றையைச் சிவவடிவாகக் கண்டு, ஐந்தெழுத்தைக் குழலில் அமைத்து வாசித்தார் என்பதே அவர் வரலாறு. புறநிகழ்ச்சி மிகச் சிறிது. எனினும் சேக்கிழார் குழல் உருவாகும் முறைக்கு விரிவான இடமளிக்கிறார். நூல்மரபு கூறிய வகையில் வளர்ந்த மூங்கிலைத் தேர்ந்து, மேலும் கீழும் உரிய அளவு விட்டு அரிந்து, காற்று புகும் துளையையும் விரல் வைக்கும் துளைகளையும் அங்குலக் கணக்கில் இடைவெளியிட்டு அமைத்தமை கூறப்படுகிறது. வாசிக்கத் தொடங்குமுன் முத்திரை முதலிய துளைகளைச் சோதித்துப் பார்ப்பதும், மூவகைத் தானங்களிலும் இசையை நடத்துவதும் சொல்லப்படுகின்றன.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையோடு இதனை ஒப்பிடலாம். மரத்தை நிழலில் ஆறவிட்டு, திருகலும் பிளவும் இல்லை என்பதை அறிந்து, ஓராண்டு கழிந்தபின் குழல் செய்ய வேண்டும் என்கிறது அவ்வுரை. நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் கூறுகிறது. இடப்படும் எட்டுத் துளைகளுள் ஒன்றை முத்திரை என நீக்கி, ஏனைய ஏழில் விரல் வைத்து ஊத வேண்டும் என்றும் விளக்குகிறது. முத்திரை என்னும் கலைச்சொல் இரு நூல்களிலும் வருவது, சேக்கிழார் குழல் தொழில்நுட்ப மரபை அறிந்து எழுதினார் என்பதற்குச் சான்றாகும். குழலின் சுருதியை அதனுள் அதிரும் காற்றுத்தம்பத்தின் நீளம் தீர்மானிக்கிறது. துளையின் இடம் சிறிது பிறழ்ந்தாலும் சுருதி பிறழும். ஆகவே அங்குலக் கணக்கு அழகுக்காகக் கூறப்பட்டதன்று. ஒலி பொருளிலும் அளவிலும் வேரூன்றியது என்பதைச் சேக்கிழார் முதலில் நிறுவிக்கொள்கிறார்.

அடங்கும் இயற்கை

குழலோசை பரவியபின் நிகழ்வனவற்றைச் சேக்கிழார் வரிசைப்படுத்துகிறார். அறுகம்புல் மேய்ந்த பசுக்கள் அசைபோடாமல் நிற்கின்றன. பால்நுரை வாயில் ஒழுக, கன்றுகள் ஊட்டை மறக்கின்றன. ஆயர்கள் தொடங்கிய வேலையை முடிக்காமல் நிற்கின்றனர். பாம்பு மயிலின்மீது மருண்டு விழுகிறது. சிங்கமும் யானையும் ஒருங்கு சேர்கின்றன. வருத்துவோரும் வருந்துவோரும் உணர்வில் ஒன்றாயினர் என்பதே இதற்குச் சேக்கிழார் கூறும் காரணமாகும்.

இசையில் உயிரினங்கள் மயங்குதல் சேக்கிழாருக்கு முன்பே தமிழில் உண்டு. கண்ணனின் குழலைப் பாடும் பெரியாழ்வார் பதிகத்தில் மான்கள் மேய்ச்சலை மறந்து ஓவியம்போல் நிற்கின்றன. ஆகவே இக்கூறு மரபுவழிப்பட்டது. ஆனால் குழல் செய்யும் முறை அப்பதிகத்தில் இடம்பெறவில்லை. சேக்கிழாரின் தனித்தன்மை இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று, முன்னர்க் கண்ட கருவியமைப்பு. மற்றொன்று, பின்புலவொலிகள் ஒவ்வொன்றாக அடங்கும் காட்சி. காற்று வீசாமையால் மரக்கிளைகள் அசைவதில்லை. அருவியும் காட்டாறும் ஆரவாரித்து ஓடுவதில்லை. முகில் முழங்குவதில்லை. கடலும் துளும்புவதில்லை.

இவ்வரிசையை உயர்வு நவிற்சி என்று கூறி அமைந்துவிடுவது எளிது. ஆனால் அடங்கியவை யாவும் ஓசை எழுப்புவன என்பது கவனத்திற்குரியது. நிகழ்ச்சியின் காலமும் இடியும் நீரோசையும் மிகுந்த கார்காலமாகும். அருவியின் ஓசை பல அதிர்வெண்களில் பரந்தது. அத்தகைய ஓசை அருகிலுள்ள மென்மையான ஒலியைச் செவிக்கு எட்டவிடாமல் மூடிவிடும். இதனை ஒலியுணர்வு ஆய்வாளர் ஒலிமறைப்பு என்பர். இயற்கை விதிப்படி உரத்த ஒலி மெல்லொலியை மறைக்கும். சேக்கிழார் காட்டும் உலகில் மெல்லொலிக்கு உரத்த ஒலிகள் வழிவிடுகின்றன. குழல் எவ்வளவு உரக்க ஒலித்தது என்று அவர் எங்கும் கூறவில்லை. அதனைச் சுற்றி எவை அடங்கின என்றே கூறுகிறார். இதனால் சேக்கிழார் ஒலிமறைப்புக் கோட்பாட்டை அறிந்திருந்தார் என்று உரிமை கொண்டாடுவது பொருந்தாது. ஒன்றைக் கேட்பதற்கு மற்றவை அடங்க வேண்டும் என்னும் செவியனுபவத்தை அவர் கூர்ந்து நோக்கியிருந்தார் என்பதே பனுவல் தரும் முடிவாகும்.

வராத சிலம்பொலி

கழறிற்றறிவார் என்னும் சேரமான் பெருமாள் நாள்தோறும் பூசை முடிவில் இறைவனின் சிலம்பொலியைக் கேட்பவர். ஒருநாள் அவ்வொலி உரிய நேரத்தில் எழவில்லை. தாம் ஏதோ பிழை செய்துவிட்டதாகக் கருதிய சேரமான் உடைவாளைத் தம் மார்பில் நாட்ட முனைகிறார். அப்போது சிலம்பு ஒலிக்கிறது. தில்லையில் சுந்தரர் பாடிய பாட்டைக் கேட்டு நின்றதால் வரத் தாழ்த்தோம் என்று இறைவன் விடை தருகிறார்.

இங்கு உயிரைப் போக்கத் துணிய வைத்தது ஒலியன்று, ஒலியின் இன்மையாகும். ஒலியளவி வைத்திருந்தால் அந்நேரத்தில் அது எதனையும் பதிவு செய்திராது. எதிர்பார்த்த ஒலி வராமையும் உணர்வில் ஒரு நிகழ்வே என்பதை இக்காலச் செவிப்புல ஆய்வும் ஏற்கிறது. சீராக வரும் ஒலித்தொடரில் ஒன்று மாறுபட்டால் மூளை தனித்த மின்குறியால் அதனை வெளிப்படுத்தும் என்பதை 1978இல் பின்லாந்து அறிஞர் நாட்டனென் குழுவினர் எடுத்துக்காட்டினர். தொடரில் ஓரொலி விடுபட்டாலும் மூளை எதிர்வினை காட்டக்கூடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின.

இவ்வரலாற்றில் மற்றொரு நுட்பமும் உண்டு. இறைவன் தாழ்த்ததற்குக் காரணம் கேட்டலில் ஆழ்ந்தமையாகும். ஆனாயர் குழலுக்குப் பசு அசைபோடுவதை மறந்தது. ஆயர் வேலையை மறந்தனர். சுந்தரர் பாட்டுக்கு இறைவன் வரவேண்டிய நேரத்தை மறந்தார். விலங்கு முதல் இறைவன் வரை கேட்போர் அனைவரையும் சேக்கிழார் ஒரே குறியால் அடையாளம் காட்டுகிறார். கேட்டவர் தம் கடமையையும் தேவையையும் எந்த அளவுக்கு மறந்தார் என்பதே அக்குறி.

கருவியின் எல்லை

திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு கருவியின் இருவகை எல்லைகளைக் காட்டுகிறது. மதுரைக் கோயிலில் அவர் யாழ் வாசித்தபோது, தரையின் குளிர்ச்சி தாக்கினால் நரம்பின் இறுக்கம் தளரும், ஆதலால் பலகை இடுக என்று வானில் ஒரு குரல் எழுந்தது. ஈரம் நரம்பின் இழுவிசையை மாற்றும், இழுவிசை மாறினால் சுருதி மாறும் என்பது யாழிசைப்போர் அன்றாடம் எதிர்கொண்ட நடைமுறை. அருள்நிகழ்ச்சிக்குள்ளும் அந்நடைமுறையைச் சேக்கிழார் விட்டுவிடவில்லை.

இரண்டாவது எல்லை தருமபுரத்தில் வெளிப்படுகிறது. யாழில் இசைப்பதனாலேயே ஞானசம்பந்தர் பதிகங்கள் பரவுகின்றன என்று சுற்றத்தார் கூறக்கேட்டு வருந்திய யாழ்ப்பாணர், கருவியில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாட வேண்டினார். அப்பதிகம் யாழுக்குள் அடங்கவில்லை. யாழின் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்திற்கு இசைவிக்கப்பட்டது. மிடறோ சுரங்களுக்கு இடையிலும் இழைந்து செல்ல வல்லது. யாழ்ப்பாணர் கருவியை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதனைத் தடுத்து, எல்லாம் கருவிக்குள் அடங்குமோ என்று கேட்டு, அடங்கும் அளவுக்கு இசைக்குமாறு பணித்தார்.

இவ்விடையில் கருவியைப் பற்றிய சமநிலையான நோக்கு உள்ளது. கருவி எல்லையுடையது, அதனால் அது பயனற்றதாகிவிடாது. ஒலியளவிக்கும் இது பொருந்தும். இரவில் தூக்கமிழந்த குடும்பம் தன் முறையீட்டுக்குச் சான்றாக முன்வைக்கக்கூடியது 45 டெசிபல் என்னும் வரம்பேயாகும். அந்த எண்ணைக் கைவிட்டால் நலிந்தோர் கையிலுள்ள சட்டத் துணை போய்விடும். அதேவேளையில் அந்த எண்ணில் அடங்காதது இல்லை என்று கருதினால், யாழ்ப்பாணரின் சுற்றத்தார் செய்த பிழையே மீண்டும் நிகழும்.

முடிவுரை

1977இல் கனடிய இசையறிஞர் மரே ஷேபர் தம் நூலில் ஒலிச்சூழல் என்னும் கருத்தை விரித்துரைத்தார். பன்னாட்டுத் தரநிலை அமைப்பு 2014இல் வெளியிட்ட வரையறையில், ஒலிச்சூழல் என்பது ஒரு சூழமைவில் மக்கள் உணர்ந்தும் பட்டறிந்தும் புரிந்தும் கொள்ளும் ஒலிப்புறம் எனக் கொள்ளப்பட்டது. கேட்போரை மையத்தில் வைக்கும் இந்நோக்கைத் தமிழாய்வு வெளியிலிருந்து மட்டும் பெறவேண்டிய நிலையில் இல்லை. இயற்பியலையும் பனுவலையும் இணைத்து விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ்நூல் அதற்கொரு வழியைத் திறந்துள்ளது. அந்நூல் கருவியையும் சுருதியையும் ஆராய்ந்தது. கேட்போரை ஆராயும் பணி எஞ்சியுள்ளது.

மறதியிலும் இருவகை உண்டு. ஆனாயர் குழலைக் கேட்ட ஆயர், ஒலியால் தம் வேலையை மறந்தனர். நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்பவர், வாழ்வதற்காக ஒலியையே மறக்கப் பழகுகிறார். அப்பழக்கத்தில் அவர் கேட்க விரும்பும் மெல்லொலிகளும் சேர்ந்து மறைகின்றன. இவ்விரு நிலைகளையும் ஒலியளவி பிரித்தறியாது. ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி, குன்றத்தூர்ப் பகுதிகளில் ஒலி பற்றிய களஆய்வை மேற்கொள்வோர், டெசிபல் பதிவோடு இரு வினாக்களையும் மக்களிடம் கேட்டல் வேண்டும்: நாள்தோறும் எந்த ஒலிக்காகக் காத்திருக்கிறீர்கள்? முன்பு கேட்ட எந்த ஒலி இப்போது கேட்பதில்லை? முதல் வினா சேரமானின் வரலாற்றிலிருந்தும், இரண்டாவது ஆனாயரின் வரலாற்றிலிருந்தும் பிறப்பவை. இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளை எண்களோடு சேர்த்து வாசிக்கும்போதே ஒரு பகுதியின் ஒலி முழுமையாக அறியப்படும்.