கொப்பரைக்குக் கைதட்டலா?

தம்பி! திருப்பூரையொட்டிய நெருப்பெரிச்சலின் பெயரிலே நெருப்பும் உண்டு, எரிச்சலும் உண்டு. ஓவர்லாக் மிஷின்முன் ஒன்றரை ஷிப்டு குனிந்து நிமிரும் பனியன் தொழிலாளியின் நெஞ்சிலும் அவ்விரண்டும் உண்டு. பீஸ்ரேட்டிலே குறைப்பு, வாடகையிலே உயர்வு, அலுவலகத்திலே அலைக்கழிப்பு! சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறன்று கொட்டகை புகுகிறான். திரையிலே ஒருவன் அயோக்கியர்களை வெட்டிச் சாய்க்கிறான், நடுநடுவே நையாண்டி. இவன் சிரிக்கிறான், கைதட்டுகிறான். கொடுமை விரும்பியா அவன்? முறையிட்டும் நீதி காணாதவன்! அவன் கோபம் மெய்யானது. அந்தக் கோபத்தைப் படமெடுப்போர் எங்கே கொண்டு சேர்க்கின்றனர் என்பதே நம் கேள்வி.

2005இல் ஷங்கர் இயக்கிய 'அந்நியன்' படத்தைப் பார்ப்போம். சட்டம் பேசிச் சலித்த அம்பி எனும் வழக்கறிஞன். அவனுக்குள்ளேயே அந்நியன் எனும் கொலைஞன். தரமற்ற பிரேக் விற்றவன், கெட்ட உணவு தந்தவன், விபத்திலே துடித்தவனுக்கு உதவ மறுத்தவன் ஆகியோருக்கு என்ன தண்டனை? கருடபுராணத்தைப் புரட்டுகிறான்! எண்ணெய்க் கொப்பரை, எருமைக் கூட்டம், அட்டைக் கடி! செத்தபின் நரகம் என்று ஏழையை மிரட்டிய ஏடு, உயிரோடிருப்பவனுக்கே சட்டநூலாகிவிட்டது. புகார் வருவதோ இணையதளத்திலே. தீர்ப்பு வருவதோ புராணத்திலே!

விக்ரமின் நடிப்பிலே குறை காணோம். காவல் அதிகாரியின்முன் ஒரு கணம் நடுங்கும் அம்பி. மறுகணம் உறுமும் அந்நியன். அரங்கம் அதிர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு செய்யும் வேலை என்ன? கலைவாணரின் சிரிப்பு கேள்வியை எழுப்பிற்று; இச்சிரிப்போ மயக்க மருந்து! குற்றம் எவ்வளவு, தண்டனை எவ்வளவு என்று மனம் எண்ணத் தொடங்குமுன் அடுத்த வேடிக்கை வந்துவிடுகிறது. 2023இல் வந்த நெல்சனின் 'ஜெயிலர்' படத்திலும் இதே வித்தை. பேரனோடு விளையாடும் தாத்தா வாளை வீச, தலை உருள்கிறது. சிறையதிகாரியாய் இருந்தபோது கைதியை வதைத்ததே அவருடைய பழம்பெருமை!

இப்போது சாத்தான்குளத்தை நினைத்துப் பார். 2020 சூன் திங்களிலே, ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்ததாகக் கூறிப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலிலே வதைபட்டு மாண்டனர். நாடு பதறிற்று. விசாரணையில்லை, வாதமில்லை, அடிப்பவனே நீதிபதி! அந்நியனின் நீதிக்கும் அந்தக் கொட்டடி நீதிக்கும் வேறுபாடு ஒன்றே. திரையிலே அடிபடுபவன் கயவன் என்று இயக்குநர் முன்னதாகவே காட்டிவிடுகிறார். வாழ்விலே அதைக் காட்டுபவர் யார்? அதற்கன்றோ வழக்குமன்றம்!

கோபமே கூடாதா? கூடும். 1952இல் வந்த 'பராசக்தி'யின் குணசேகரன், தங்கையிடம் தகாது நடக்க முயன்ற பூசாரியைத் தாக்கினான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கூண்டேறினான், காரணம் சொன்னான், சமுதாயத்தையே விசாரணைக்கு இழுத்தான். கொட்டகையைவிட்டு வெளிவந்தவன் கையிலே ஒரு வாதம் இருந்தது. இன்று வெளிவருபவன் கையிலே எஞ்சுவது கிழிந்த சீட்டு!

நம் ஊர் நொய்யலையே பார். சாயக்கழிவால் ஆறு கெட்டது. ஒரத்துப்பாளையம் அணை நஞ்சு தேக்கிற்று. கொப்பரையோடு எந்த வீரனும் வரவில்லை. உழவர்கள் சங்கமாய்த் திரண்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவை வெளியே விடாதிருந்தால்தான் மீண்டும் இயங்கலாம் என்றாயிற்று. வேலையிழந்த தொழிலாளி பட்ட துன்பத்தை மறைக்கமாட்டோம். முழுவெற்றி என்றும் முழங்கமாட்டோம். எனினும் இரு தரப்பும் பேசிய பிறகு வந்த தீர்ப்பு அது.

படம் பார், தம்பி! நடிப்பை மெச்சு, வயிறு குலுங்கச் சிரி. கைதட்டுமுன் மட்டும் ஒரு நொடி கேள்: கொப்பரையிலே கிடப்பவன் குற்றவாளி என்று உனக்குச் சொன்னவர் யார்? நாளை உன்னைக் காட்டி அப்படிச் சொன்னால், உனக்காக வாதாட யார் இருப்பார்?