பிரளயமும் பாறைகளும்

ஆதியாகமத்தில் வரும் நோவாவின் கதையை அறியாதவர் மிகச் சிலரே. நாற்பது நாள் மழை. மலைகளுக்கு மேலும் 15 முழம் தண்ணீர். பேழையில் ஏறிய உயிர்கள் மட்டுமே பிழைத்தன. இதைச் சமயக் கதையாகப் படிப்பவரோடு அறிவியலுக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் இது நடந்தது, பாறைகளே அதற்குச் சான்று என்று ஒருவர் கூறுவாரானால், பாறைகளைத்தான் கேட்க வேண்டும்.

அவ்வாறு கூறும் நூல்களில் பெயர்பெற்றது 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஆதியாகம வெள்ளம்'. ஆசிரியர் இருவர். ஜான் விட்கோம் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர். ஹென்றி மாரிஸ் நீரியல் பொறியாளர். ஐந்நூறு பக்கங்களுக்கு மேல், அடிக்குறிப்புகளுடன், நூல் பார்வைக்கு அறிவியல் நூலாகவே இருக்கிறது. மாரிஸ் தம் துறையைக் கற்றவர் என்பதிலும் ஐயமில்லை. ஆகவே எள்ளி நகையாடி ஒதுக்காமல், அவர்கள் வாதத்தை எடைபோட்டுப் பார்ப்பதே முறை.

முதற்கேள்வி: இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? இன்று வளிமண்டலத்திலுள்ள ஈரம் முழுவதும் மழையாகப் பெய்தாலும் உலகெங்கும் சுமார் 25 மில்லிமீட்டர்தான் தேங்கும். ஆசிரியர்களுக்கும் இந்த இடர்ப்பாடு தெரியும். எனவே அக்காலத்தில் வானத்தின் மேலே நீராவிப் போர்வை ஒன்று இருந்தது என்கிறார்கள். பள்ளி மாணவரே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். போர்வையில் 10 மீட்டர் மழைக்குரிய ஆவி இருந்ததாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் அது 10,000 கிலோகிராம். அதே இடத்தின் மேலுள்ள காற்றின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. ஆக, நோவா காலத்துக் காற்றழுத்தம் இன்றுள்ளதைப் போல் இரு மடங்கு!

அது போகட்டும். ஒரு கிலோ ஆவி நீராகும்போது சுமார் 22.6 இலட்சம் ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த நீரைச் சுழியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 4.2 இலட்சம் ஜூல் போதும். ஒரு கிலோ காற்றுக்கு 1 இலட்சம். இரண்டும் கொதிநிலைக்கு வந்த பின்னும் 17 இலட்சம் ஜூல் மிஞ்சுகிறது. பேழை மிதந்திருந்தால் வெந்நீரில்தான் மிதந்திருக்கும். இத்தனைக்கும் 10 மீட்டர் நீர் ஒரு தென்னையைக்கூட முழுக்காட்டாது. மீதி நீர் பூமிக்கடியிலிருந்து பொங்கியது, அன்று மலைகள் தாழ்ந்திருந்தன, பின்னரே உயர்ந்தன என்பது நூலின் விடை. ஒரு ஐயத்தை அடைக்க மற்றொரு அற்புதத்தை வரவழைத்தால் அதைச் சோதிப்பதற்கு வழி ஏது?

நூலின் உயிர்நாடி தொல்லுயிர் எச்சங்களைப் பற்றிய பகுதி. கீழ்ப்பாறைகளில் எளிய கடலுயிர்களும் மேற்பாறைகளில் பாலூட்டிகளும் கிடைப்பது ஏன்? கடலடியில் வாழ்ந்தவை முதலில் புதைந்தன. பாலூட்டிகள் மேட்டுக்கு ஓடித் தப்பிப் பிறகு மூழ்கின. நீரோட்டமும் சலித்துப் பிரித்தது என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் மேட்டுக்கு ஓட முடியாத செடிகளை என்ன செய்வது? மிகப் பழைய நிலக்கரிப் படிவங்களில் பெரணி இனங்களும் அவற்றின் வித்துத்தூளும் மலிந்து கிடக்கின்றன. பூக்கும் செடியின் மகரந்தம் அவற்றில் இல்லை. அது கிரெட்டேசியப் பாறைகளில்தான் பெருகத் தொடங்குகிறது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத தூள்களே. எந்த வெள்ளம் இவற்றை இவ்வளவு பிழையின்றிப் பிரிக்கும்? இக்தியோசாரும் டால்பினும் ஏறத்தாழ ஒரே உருவம், ஒரே கடல், ஒரே நீச்சல். இருப்பினும் அவை ஒரே அடுக்கில் கிடைத்ததே இல்லை.

வெள்ளக் கதைக்கு வேரே இல்லை என்பதல்ல. பாபிலோனியக் களிமண் பலகையில் இதைப் போன்ற கதை இருப்பதை 1872இல் ஜார்ஜ் ஸ்மித் கண்டறிந்தார். ஈராக்கில் ஊர் நகரத்தைத் தோண்டிய லெனார்டு ஊல்லி 1929இல் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வண்டல் அடுக்கைக் கண்டு பிரளயமே என்றார். அருகிலுள்ள எரிதுவில் அத்தகைய வண்டல் இல்லை. கீஷ், ஷுருப்பாக் நகரங்களின் வெள்ள வண்டல்களோ வேறு காலத்தவை. டைகிரிசும் யூப்ரடீசும் பலமுறை கரைபுரண்டிருக்கின்றன, அவ்வளவே.

நூலில் எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறொன்று. நிலவியலார் சமயப் பகையால் பிரளயத்தைக் கைவிட்டார்கள் என்ற எண்ணத்தை அது வாசகர் மனத்தில் விதைக்கிறது. நடந்தது நேர்மாறானது. ஆக்ஸ்போர்டின் வில்லியம் பக்லாந்து ஒரு பாதிரியார். யார்க்ஷயரில் 1821இல் கண்டுபிடிக்கப்பட்ட கிர்க்டேல் குகையில் கழுதைப்புலி, யானை, நீர்யானை எலும்புகளைக் கண்டார். வெள்ளம் அடித்து வந்தவை அல்ல, கழுதைப்புலிகள் அங்கேயே வாழ்ந்து கடித்துப் போட்டவை என்று நிறுவ, உயிருள்ள கழுதைப்புலிக்கே எலும்பைக் கொடுத்துப் பல்தடங்களை ஒப்பிட்டார். மேலே மூடியிருந்த சேற்றை மட்டும் 1823இல் பிரளயத்தின் சான்றாக வைத்துக்கொண்டார். 1831இல் மற்றொரு பாதிரியாரான ஆடம் செட்விக், இலண்டன் நிலவியல் கழகத் தலைவர் இருக்கையிலிருந்தே, தாம் பரப்பிய பிரளயக் கொள்கையைத் திரும்பப் பெற்றார். பக்லாந்தும் 1836இல் அதைக் கைவிட்டார். 1840இல் அகாசியுடன் ஸ்காட்லாந்து மலைகளில் சுற்றியபோது, வெள்ளத்தின் தடமெனத் தாம் காட்டிவந்த சரளையும் களிமண்ணும் பனியாறுகள் விட்டுச் சென்றவை என்று ஏற்றுக்கொண்டார். ஐந்தாண்டு கழித்து, 1845இல், அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவாக நியமித்தார்கள்.