இருபத்தாறாவது கலம்

குன்றாண்டார்கோவிலுக்குப் போய்வந்த எல்லாரிடமும் ஒரே படம்தான் இருக்கும்: குடைவரைக்கு முன்னால் தேர் மாதிரி கட்டிய மண்டபம், அதை இழுக்கும் கல் குதிரைகள். கல்வெட்டைப் படம் எடுத்தவர்கள் குறைவு. எடுத்தவர்களும் ராஜா பேரைத் தேடுவார்கள். நெல் வருகிற வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். வம்சங்கள் வந்து போகின்றன. கலமும் தூணியும் பதக்கும் குறுணியும் நாழியும் போவதே இல்லை.

8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆக, கலத்துக்கு 96 நாழி. (ஊருக்கு ஊர் மரக்கால் மாறும், அது தனிச் சண்டை.)

இன்று பள்ளியில் தாவி எண்ணச் சொன்னால் இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப்பத்தாக எண்ணுவார்கள். விரலோடு ஒத்துப்போகிற, சமர்த்தான எண்கள். 96 அப்படியா? எண்ணிப் பார்க்கலாம்: 96, 192, 288, 384, 480. கடைசி இலக்கம் 6, 2, 8, 4, 0. திரும்பவும் 576, 672, 768, 864, 960. அதே 6, 2, 8, 4, 0. முன்னால் இருக்கும் நூறுகளும் வரிசை தவறாமல் ஏறுகின்றன: மூன்றாம் கலத்துக்கு இருநூற்றுச் சொச்சம், ஏழாம் கலத்துக்கு அறுநூற்றுச் சொச்சம். ஒரு தாவலுக்கு நூறு ஏறி நாலு இறங்குகிறோம், அவ்வளவுதான் விஷயம். நாலாம் வாய்ப்பாடு தெரிந்தவருக்கு 96க்குத் தனி வாய்ப்பாடே வேண்டாம்.

பழைய தமிழ்க் கணக்கு என்றதும் நம் ஆட்கள் உடனே கணக்கதிகாரத்துக்கு ஓடுவார்கள். அறுக்காமலே பலாச்சுளையை எண்ணும் அந்தப் பாட்டு வாட்ஸப்பில் வராத குடும்பம் உண்டா? புதிர் என்றால் பெருமைப்படலாம். எண்சுவடியில் புதிர் கிடையாது. வெறும் வரிசை, முழு எண்ணில் தொடங்கி, கால், மா, காணி என்று இறங்கி 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் போகிறது. அதனால் அதை 'மனப்பாடக் குப்பை' என்று ஒதுக்கிவிட்டோம். செந்தில் பாபு 2022இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகக் கொண்டுவந்த 'மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி' இந்தப் பார்வையைத்தான் உடைக்கிறது. திண்ணைப் பள்ளியின் மனப்பாடம் மூளையை மழுக்கும் வேலை இல்லை, அதுவே ஒரு கற்கும் முறை என்கிறார். கூடவே, அந்தக் கணக்கு சாதிக்கும் உழைப்புக்கும் நடுவே எப்படிப் புழங்கியது என்பதையும் விடாமல் கேட்கிறார். பெருமைக்கும் ஏளனத்துக்கும் இடையில் இப்படி ஒரு இடம் இருப்பதே நமக்குத் தெரியாமல் இருந்தது.

ஆனால் அவருடைய அக்கறை நினைவின் மேல். என்னுடையது அந்த நினைவு இடறும் இடத்தின் மேல்.

சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல, பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். வாய்ப்பாடு என்ற சொல்லிலேயே வாய் இருக்கிறதே. ராகம் பிடிபட்டால் எண் தானாக வரும். 96இன் ராகமும் அப்படித்தான் வருகிறது, 25ஆம் கலம் வரைக்கும். 25 கலம் 2400. அடுத்தது? ராகத்தின் பழக்கத்தில் வாய் 'இரண்டாயிரத்து ஐந்நூற்று' என்று எடுக்கும். ஆனால் 26 கலம் 2496. நூறுகள் ஏறாமல் அங்கேயே நிற்கின்றன. இருபத்தைந்து தாவலில் நாலு நாலாகக் கழிந்தது சேர்ந்து ஒரு நூறாகிவிட்டது. அந்த நூறை வரிசை 25ஆம் தாவலில் காட்டாமல் 26இல்தான் காட்டுகிறது.

களத்தில் இதற்கு விலை உண்டு. முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி. அளக்கும் கை, ஏட்டில் எழுதும் கை, கூலி நெல்லுக்கு முந்தி ஏந்தும் கை மூன்றும் ஒரே ஆளுடையது இல்லை. திண்ணையில் உட்கார்ந்து சுவடி சொன்னவர் அந்த ஏட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. முந்தி ஏந்தியவர் பிள்ளைக்குத் திண்ணையில் இடமே கிடையாது. ராகம் மட்டும் காதில் விழுந்திருக்கலாம், நூறு ஏறி நாலு இறங்கும் காரணத்தை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ராகத்தை மட்டும் நம்புகிறவர் 26இல் நூறு நாழி தவறுவார். அது ஒரு கலத்துக்கும் மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது கண்டுபிடித்து 'முன்னோர் ரகசியம்' என்று பரப்புவதற்கு முன்னால். பத்துக் கலம் 960 நாழி. மூன்று முழு எண்ணில் இருக்கும் முந்திரிகளும் 960. ரகசியமெல்லாம் ஒன்றும் இல்லை. நாழியும் முந்திரியும் பாதி பாதியாக வெட்டிப் பழகிய கைகளின் அளவுகள். இரண்டிலும் நிறைய இரண்டுகள் உண்டு, அதனால் எங்காவது சந்திக்கத்தான் செய்யும். 96இல் ஒரு மூன்று இருக்கிறது, 320இல் ஒரு ஐந்து. 320ஐத் தாவிப் பார்த்தால் அந்த ஐந்து தெரியும்: 320, 640, 960, 1280, 1600. ஐந்தாவதில் நூறுகள் சுத்தமாக நிற்கின்றன.

96க்கு அப்படி நிற்க இருபத்தைந்து தாவல் வேண்டும். 50 கலம் 4800. அடுத்த இடறல் 51இல்.