பகவந்தி ஜெயித்த கதை

சில வருஷங்களுக்கு முன் என் நாவல் ஒன்றில், வாய் திறவாமல் வதைபட்டே மாய்ந்து போகிற ஒரு பெண்ணைப் படைத்திருந்தேன். இப்படி ஒருத்தி இருக்கக் கூடாது என்பதுதான் என் உத்தேசம். புத்தகம் வெளிவந்த மறு மாதம் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. 'என் பெண்ணுக்கு இதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பொறுமை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!' என்று எழுதியிருந்தார். இன்றுவரை அதற்கு நான் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

என்னிலும் பெரிய எழுத்தாளர் ஒருவருக்கும் இதே கதி நேர்ந்தது என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி உண்டு. ஹிந்தி நாவலாசிரியர் மனோஹர் ஷ்யாம் ஜோஷியைத்தான் சொல்கிறேன். 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் ஆரம்பமான 'ஹம் லோக்' அவர் எழுதியது. இந்நாட்டில் டெலிவிஷன் தொடருக்குப் பிள்ளையார் சுழி போட்டது அதுதான்.

யோசனை மெக்ஸிகோவிலிருந்து வந்தது. 1975 முதல் அங்கே மிகேல் ஸபீதோ என்பவர் தொடர்கதைகளின் மூலமாகவே எழுத்தறிவையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் பரப்பிக் காட்டினார். அவருடைய சூத்திரம் எளிது. நல்வழியில் போகிற பாத்திரம் ஒன்று, தவறான வழியில் போகிற பாத்திரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கிற பாத்திரம் ஒன்று. தத்தளிக்கிறவர் திருந்தும்போது பார்க்கிறவரும் திருந்திவிடுவார் என்பது கணக்கு.

ஜோஷியின் குடும்பம் நாம் அறிந்த குடும்பம்தான். குடிகாரத் தகப்பன் பஸேஸர் ராம், வேலை தேடி அலைகிற பிள்ளை லல்லு, சினிமா மோகம் பிடித்த மஜ்லி, டாக்டராக வேண்டும் என்று துடிக்கிற சுட்கி. இவர்களுக்கு நடுவே கணவனின் ஏச்சையும் மாமியாரின் பேச்சையும் விழுங்கிக்கொண்டு அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற தாய் பகவந்தி. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். பிரசாரம் அடங்கியது, கதை மேலே வந்தது. உபதேசத்தில் மிஞ்சியது அசோக்குமாரின் பங்காயிற்று. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அந்தப் பழம்பெரும் நடிகர் தோன்றி இரண்டு வார்த்தை பேசுவார். பின்னாட்களில் 'ஹம் லோக்' என்பதைப் பல பாஷைகளில் சொல்லி விடைபெறுவார். எங்கள் தெருவில் ஹிந்தி அறியாதவர்கள்கூடத் தமிழ் வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்ததுண்டு.

பதினேழு மாதம், 150-க்கு மேற்பட்ட பகுதிகள், லட்சக்கணக்கில் கடிதங்கள். எல்லாம் முடிந்த பிறகு ஆராய்ச்சியாளர்கள் சிலர் பார்வையாளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். எச்சரிக்கையாகப் படைக்கப்பட்ட பகவந்தியையே, பின்பற்றத் தக்கவள் என்று சொன்ன பெண்கள் கணிசமாக இருந்தார்கள்.

ஜோஷி மோசமான எழுத்தாளராக இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பகவந்தியைக் கேலிச் சித்திரமாகத் தீட்டியிருந்தால் யாரும் அவளை வணங்கியிருக்க மாட்டார்கள். அவர் அவளுக்கு உயிர் கொடுத்துவிட்டார். இன்னொரு காரணம் வடிவத்தில் இருக்கிறது. நாவலுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதுவரை நடந்ததற்கெல்லாம் அங்கே தீர்ப்புக் கிடைக்கும். (கிடைத்தும் என் வாசகி ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.) தொடருக்கோ கடைசிப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறது. பார்ப்பவள் கண்ணில் படுவது சகிப்பின் பலன் அல்ல, சகிப்பு மட்டுமே. அதை மாதக்கணக்கில் பார்த்தால் தர்மமாகத்தான் தோன்றும்.

'ஹம் லோக்' நடந்த வேளையில் நடுவே விற்பனைக்கு வந்தது மாகி நூடுல்ஸ். அழுகிற தாயைப் பார்க்கக் கூடும் கூட்டத்திடம் சரக்கு விற்கலாம் என்பதை வியாபாரிகள் ஒருபோதும் மறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அசோக்குமாரை விட்டுவிட்டுப் பகவந்தியை எடுத்துக்கொண்டார்கள். நகை பூட்டி, மாளிகையில் குடிவைத்தார்கள். 2000 முதல் 2008 வரை ஓடிய 'க்யோங்கி ஸாஸ் பீ கபி பஹூ தீ'யின் துளஸி அவள் வம்சம்தான். 2025-ல் அவளே மறுபடி வந்தாள். 2003 முதல் 2009 வரை நம் வீடுகளில் நடந்த 'கோலங்கள்' அபி எதிர்த்து நிற்கத் தெரிந்தவள். ஆனாலும் அவள் பெருமையை அளக்கிற படி, எவ்வளவு தாங்கினாள் என்பதுதான்.

ஜோஷியே 1986-ல் 'புனியாத்' எழுதி, தேசப் பிரிவினையைப் பின்னணியாக்கித் தப்பித்துக்கொண்டார். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பகவந்திக்கு இன்னொரு வாரிசும் உண்டு. 2019-ல் வர ஆரம்பித்த 'குல்லக்' என்ற ஹிந்தித் தொடரைச் சொல்கிறேன். அதே வட இந்தியச் சிற்றூர், அதே பற்றாக்குறைக் குடும்பம். அசோக்குமாரின் இடத்தில் வீட்டிலிருக்கிற மண் உண்டியல் பேசுகிறது. ஆனால் அது உபதேசம் செய்வதில்லை, ஊர்வம்பு பேசுகிறது. தாய் சாந்தி மிஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்குகிறவள் அல்ல. கணவனையும் பிள்ளைகளையும் வாய் ஓயாமல் பொரிந்து தள்ளுகிறாள். பிறகு அவளே சாப்பாடும் போடுகிறாள். ஒரு தடவைக்கு ஐந்தே பகுதிகள். அவள் திட்டி முடிப்பதற்குள் தொடர் முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் குறை.